ஐந்து நாளில் ஒரு கில்ட்: ஹைலண்ட் போட்டிக்கு வீட்டிலேயே தைப்பது எப்படி

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மகள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை நடக்கும் ஹைலண்ட் விளையாட்டுகளுக்குப் பெயர் கொடுத்தாயிற்று, ஆனால் கில்ட் என்கிற, ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டும் மடிப்புப் பாவாடை இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. பள்ளியில் குண்டு எறிந்து பழகியவள், கல்லும் சுத்தியலும் எறியலாம் வா என்று யாரோ கூப்பிட்டதும் சரி என்று சொல்லியிருக்கிறாள். அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் கம்பளிக் கில்ட் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், விலையும் பல நூறு டாலர். அதனால் நாங்களே தைத்தோம். அதற்கப்புறம் அவளோடு எறியும் நாலைந்து பேருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டேன், அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தையல் மெஷினில் நேராக ஒரு கோடு போடத் தெரிந்தால் போதும், நீங்களும் தைத்துவிடலாம்.

இந்தப் போட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்காட்லாந்தில் பிரேமார், டனூன் மாதிரியான ஊர்களில் நடக்கும் ஹைலண்ட் விளையாட்டுகள் குடியேறியவர்களோடு கடல் தாண்டி வந்து, இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் மேக்ஸ்வில்லில் 1948 முதல் நடக்கின்றன, ஃபெர்கஸ் ஊரிலும் பல காலமாக நடக்கின்றன. பேக்பைப், நடனம் இவற்றோடு எடை எறியும் போட்டிகளும் உண்டு: கல் எறிதல், சுத்தியல், 28, 56 பவுண்டு இரும்பு எடைகள் (பெண்களுக்கு 14, 28), அதே எடையைத் தலைக்கு மேல் குறுக்குக் கம்பியைத் தாண்டி வீசுவது, வைக்கோல் மூட்டையைக் கவையால் தூக்கி எறிவது, கேபர் என்கிற முழு மரத்தண்டைக் குட்டிக்கரணம் அடிக்க வைப்பது. ஆணோ பெண்ணோ, எறிகிறவர் உடுத்துவது கில்ட்தான்.

பள்ளிச் சீருடைப் பாவாடை ஒன்றை வாங்கி ஒப்பேற்றலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1746 இல் வந்த உடைச் சட்டத்தின்படி ஹைலண்ட் உடை உடுத்தினால் முதல் தடவை ஆறு மாதச் சிறை, இரண்டாம் தடவை ஏழு வருடம் நாடு கடத்தல். 1782 இல்தான் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அப்படிப் பறிகொடுத்துத் திரும்பப் பெற்ற உடையை ஸ்காட்லாந்துக்காரர்கள் வேடமாகப் பார்ப்பதில்லை. மெஷினில் வேகமாகத் தைக்கலாம், மலிவான துணியில் தைக்கலாம், அதையெல்லாம் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அது கில்டாக இருக்க வேண்டும், அதாவது முன்பக்கம் மடிப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மூடும் இரண்டு தட்டை, பின்பக்கம் முழுக்க மடிப்பு, வலது இடுப்பில் பக்கிள்.

நேரம் குறைவாக இருக்கும்போது எதை விடுவது, எதை விடக் கூடாது என்பதுதான் முக்கியமான முடிவு. நல்ல கில்டுக்கு ஒற்றை அகலத் துணி 8 கெஜம் போகும், மடிப்பு ஒவ்வொன்றையும் கையாலேயே தைப்பார்கள். நாம் கிட்டத்தட்ட 5 கெஜத்தில் மெஷினில் தைக்கப் போகிறோம். கைத்தையலை விடலாம், உள் லைனிங்கை விடலாம், ஓரக் குஞ்சத்தையும் விடலாம். மடிப்புக் கணக்கு, இடுப்புக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள சரிவு, பக்கிள் பட்டை, இந்த மூன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். எறிகிறவர் உடம்பு முறுக்கும்போது இழுபடுவது இந்த மூன்று இடங்கள்தான்.

திங்கள்: துணியும் அளவும்

கம்பளி அழகுதான், ஆனால் அவசரத்துக்கு வேண்டாம், விலையும் அதிகம், வாஷிங் மெஷினில் போட முடியாது. பாலி விஸ்கோஸில் டார்டன், அதாவது ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி, கிடைத்தால் வாங்குங்கள், துவைக்கலாம், மடிப்பும் நிற்கும். கிடைக்காவிட்டால் கனமான காட்டன் ட்வில்லில் ஒரே நிறமாகத் தைக்கலாம், அதற்கு மறுப்புச் சொன்ன களத்தை நான் பார்க்கவில்லை, இருந்தாலும் உங்கள் போட்டியின் விதித் தாளை ஒரு தடவை படித்துவிடுங்கள். துவைக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: சுத்தியல் வழுக்காமல் இருக்கக் கையில் பைன் மரப் பிசின் பூசிக்கொள்வார்கள், அந்தக் கை கடைசியில் கில்டில்தான் துடைபடும்.

எந்த டார்டன் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். குலப்பெயர் உள்ள டார்டன்கள் ஒரு குடும்பத்தைக் குறிப்பவை, அந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாத எனக்கு அதை எடுக்க மனம் வரவில்லை. பிளாக் வாட்ச் என்கிற டார்டனை யாரும் கட்டலாம், கரும்பச்சையும் கருநீலமுமாக இருப்பதால் புல் கறையும் தையல் பிசகும் தெரியாது. கனடாவில் இருப்பவர்களுக்கு மேப்பிள் லீஃப் டார்டன் இருக்கிறது, 1964 இல் டேவிட் வைசர் வடிவமைத்தது, 2011 இல் நாட்டின் அதிகாரபூர்வச் சின்னமாகவும் ஆனது. முதல் கில்டுக்குக் கட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் டார்டனாக எடுங்கள். புக்கானன் மாதிரி சமச்சீர் இல்லாத கட்டத்தில் இரண்டு துண்டை ஒட்டும்போது ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினால் வரிசை மாறிவிடும்.

அளவு மூன்றுதான். தொப்புள் மட்டத்தில் இடுப்பு, பின்பக்கத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு (நம் தையற்காரர்கள் சீட் என்பார்களே, அது), தொப்புளிலிருந்து முழங்கால் சிப்பியின் மேல் விளிம்பு வரை நீளம். உள்ளே போடும் ஷார்ட்ஸைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். சாதாரணக் கில்ட் முழங்கால் நடு வரை வரலாம், எறிகிறவருக்கு அது ஆகாது, ஏனென்றால் கம்பிக்கு மேல் வீசும் எடையை இரண்டு காலுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி ஆட்டித்தான் மேலே விடுவார்கள், துணி குறுக்கே வந்தால் ஆட்டமே கெட்டுவிடும். இடுப்பிலிருந்து சீட் கோடு வரை எத்தனை இஞ்ச் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், என் மகளுக்கு ஏழரை வந்தது.

60 இஞ்ச் அகலத் துணியில் இரண்டரை கெஜம் வாங்குங்கள், மீட்டரில் சொன்னால் 2.3. அன்றைக்கு ராத்திரியே துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள், காட்டன் சுருங்கினால் இப்போதே சுருங்கட்டும்.

செவ்வாய்: வெட்டு, கணக்கு, மடிப்பு

துணியை நீளவாக்கில் இரண்டு பட்டையாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு ஓரம் துணியின் நெய்த கரையாக இருக்கும், அதைத்தான் கில்டின் அடி ஓரமாக வைக்கிறோம். கரை பிசிறாது, அதனால் கீழே மடித்துத் தைக்கும் வேலை இல்லை, ஒரு மணி நேரம் மிச்சம். கில்ட் நீளத்தோடு மேலே 1 இஞ்ச் சேர்த்து இரண்டு கரையிலிருந்தும் அளந்து வெட்டினால் நடுவில் ஒரு நீளப் பட்டை மிஞ்சும், இடுப்புப் பட்டைக்கு அது வேண்டும், எறிந்துவிடாதீர்கள். டார்டனாக இருந்தால் இரண்டு கரையிலும் கட்டம் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று வெட்டும் முன் பாருங்கள். இல்லையென்றால் கரையை மறந்துவிட்டுக் கட்டத்தைப் பொருத்தி வெட்டி, அடியைச் சின்னதாக மடித்துத் தைப்பதே நல்லது.

இரண்டு பட்டையையும் கட்டம் பொருந்த ஒட்டித் தைத்தால் கிட்டத்தட்ட 5 கெஜம், 180 இஞ்ச் வருகிறது. இனிக் கணக்கு. இடுப்பு 36, சீட் 42 என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் பாதி 21 இஞ்ச் முன் தட்டைக்கு, பாதி 21 பின்மடிப்புக்கு. முன் தட்டை இரண்டு: மேல் தட்டை, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் அடித் தட்டை. ஒவ்வொன்றுக்கும் 21, வெளி ஓரத்தை மடிக்க 3, மடிப்பு தொடங்கும் இடத்தில் ஒரு ஆழமான உள்மடிப்புக்கு 8, ஆக 32. இரண்டுக்கும் சேர்த்து 64. மடிப்புக்கு 96 எடுத்துக்கொண்டால் மொத்தம் 160. மீதி 20 இஞ்ச் கட்டம் பொருத்துவதற்கும் ஓரத்தில் கூடுதலாக மடிப்பதற்கும் இருக்கட்டும், தைத்து முடிக்கும் வரை நறுக்காதீர்கள்.

அந்த 8 இஞ்ச் உள்மடிப்பை, துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். காலை அகட்டி நிற்கும்போது முன் தட்டைக்கு இடம் கொடுப்பது அதுதான். அது இல்லாத ஒரு கில்டில் கேபரைத் தூக்கக் குந்தியவருக்கு முன்பக்கம் டப்பென்று இறுகி, மேல் தட்டை தொடையில் ஏறி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மடிப்புக்கு வருவோம். புடவைக் கொசுவம் எடுத்த கைக்கு இது பாதி தெரிந்த வேலை, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கொசுவத்தில் எல்லா மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் அடுக்கி நிற்கும். இங்கே ஒவ்வொரு மடிப்பும் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து, எல்லாம் ஒரே அளவு வெளியே தெரிய, பின்பக்கம் முழுக்கப் பரந்து நிற்க வேண்டும். டார்டனில் ஒரு கட்டம் முழுசாகத் திரும்ப வர 6 இஞ்ச் ஆகிறது என்றால் 96 ஐ 6 ஆல் வகுத்து 16 மடிப்பு. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு, உதாரணமாக வெள்ளைக் கோடு, வருகிற மாதிரி மடித்துக்கொண்டே போனால் துணியில் இருக்கும் கோடே உங்களுக்கு அளவுகோல். இன்னொரு முறையில் பின்பக்கத்திலும் டார்டன் உடையாமல் முழுசாகத் தெரியும்படி மடிப்பார்கள், அழகு அள்ளும், ஆனால் ஐந்து நாளில் முதல் கில்டுக்கு அது வேண்டாம். ஒரே நிறத் துணி என்றால் 6 இஞ்சுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சீட் கோட்டில் 21 ஐ 16 ஆல் வகுத்தால் ஒரு மடிப்பு 1 5/16 இஞ்ச் வெளியே தெரிய வேண்டும், அதாவது ஒரு இஞ்சும் இரண்டரை நூலும் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு). இடுப்பில் 18 ஐ 16 ஆல் வகுத்தால் ஒரு இஞ்சும் ஒரு நூலும். ஒவ்வொரு மடிப்பும் சீட்டிலிருந்து இடுப்புக்குப் போகும்போது ஒன்றரை நூல் குறுகுகிறது, பதினாறு மடிப்பிலும் சேர்த்தால் சரியாக 3 இஞ்ச். இதை அவசரப்படாமல் அளங்கள். ஒரு மடிப்பில் அரை நூல்தானே என்று விட்டால் பதினாறில் அது ஒரு முழு இஞ்ச், கில்ட் ஒன்று பிடிக்கும் அல்லது நழுவும். நான் அட்டையில் இரண்டு அளவுத் துண்டு வெட்டி வைத்துக்கொள்வேன், ஒன்று சீட்டுக்கு, ஒன்று இடுப்புக்கு. இஞ்ச் டேப்பைப் பதினாறு தடவை வைத்து எடுப்பதைவிட அது வேகம், பிசகும் வராது.

எந்தப் பக்கம் எது என்பதில் புதியவர்கள் குழம்புகிறார்கள். துணியின் நல்ல பக்கம் மேலே, கரை உங்கள் பக்கம் இருக்க மேஜையில் விரியுங்கள். இடது கைப் பக்கம் மேல் தட்டை, நடுவில் மடிப்புகள், வலது கைப் பக்கம் அடித் தட்டை. மடிப்பெல்லாம் ஒரே திசையில் போக வேண்டும். இரண்டு பட்டையை ஒட்டிய தையல் ஒரு மடிப்பின் உள்ளே ஒளிந்துவிடுகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். குண்டூசி குத்தி, அப்புறம் இடுப்பு, சீட் கோடு, அடி ஓரம் என மூன்று இடத்தில் நீளமாகக் கச்சாத் தையல் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். அடி ஓரத்துக் கச்சாவை வெள்ளிக்கிழமை வரை பிரிக்கக் கூடாது.

புதன்: மடிப்பைத் தைப்பது

மடிப்பின் விளிம்பிலிருந்து ஒரு நூல் உள்ளே, வெளிப்பக்கமாகவே, இடுப்பிலிருந்து சீட் கோடு வரை மெஷினில் நேராகத் தையுங்கள். கீழ் மடிப்பின் விளிம்பு சிக்காமல் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுத் தைக்க வேண்டும். 16 எண் ஜீன்ஸ் ஊசி போடுங்கள், துணி நாலைந்து அடுக்கு இருக்கும், சாதா ஊசி உடையும். நூல் துணியின் கருத்த நிறத்தில் இருக்கட்டும். சீட் கோட்டில் நிறுத்தும்போது முன்னும் பின்னும் மூன்று தடவை ஓட்டி இறுக்குங்கள், கால் எட்டி வைக்கும் ஒவ்வொரு தடவையும் இழுபடும் புள்ளி அது. அதைத் தாண்டி ஒரு இஞ்ச் கூடக் கீழே தைக்காதீர்கள், மடிப்பு விரியாது.

இதோடு விட்டால் போட்டி நாளில் ஏதாவது ஒரு மடிப்பின் தையல் விடும். அதனால் உள்பக்கம், சீட் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, 1 இஞ்ச் அகலக் காட்டன் நாடா ஒன்றை முதல் மடிப்பிலிருந்து கடைசி மடிப்பு வரை ஓடவிட்டு, ஒவ்வொரு மடிப்பின் உள்பக்கத்திலும் கையால் நாலு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள், வெளித் துணியில் ஊசி ஏற வேண்டாம். இழுப்பை அந்த நாடா வாங்கிக்கொள்ளும். அரை மணி நேர வேலை, பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வியாழன்: தட்டை, பட்டை, பக்கிள்

தட்டை சீட்டில் 21, இடுப்பில் 18. வெட்டிக் குறைக்காதீர்கள், மடித்தே குறைக்கலாம். வெளி ஓரத்தைக் கீழே 3 இஞ்சும் இடுப்பில் நாலரை இஞ்சுமாகச் சரித்து உள்ளே மடியுங்கள், மறுபக்கத்து உள்மடிப்பிலும் இடுப்புக்கு வரும்போது ஒன்றரை இஞ்ச் கூடுதலாக எடுங்கள், இரண்டும் சேர்ந்து 3 போய்விடும். ஓர மடிப்பை உள்ளே கண்ணுக்குத் தெரியாத கைத்தையலில் பிடிக்கலாம், அவசரம் என்றால் மெஷின்.

மிஞ்சிய பட்டையில் 5 இஞ்ச் அகலம் எடுத்து, உள்ளே கான்வாஸ் வைத்து, முடிந்தபின் 2 இஞ்ச் அகலம் வரும்படி இடுப்புப் பட்டை தையுங்கள். நீளம் மேல் தட்டை 18, மடிப்பு 18, அடித் தட்டை 18, ஆக 54, ஓரத் தையலுக்கு 2. எறிகிறவர்கள் தடித்த பெல்ட் போடுவார்கள், அவருடைய பெல்ட்டை வாங்கி அளந்து அதற்கேற்றபடி லூப் வையுங்கள்.

பக்கிள் மூன்று. மேல் தட்டையின் ஓரத்தில், இடுப்பிலும் சீட்டுக்குக் கொஞ்சம் மேலும் இரண்டு பட்டை, அவை வலது இடுப்பில் உள்ள பக்கிளில் மாட்டும். அடித் தட்டையின் ஓரத்தில் ஒரு பட்டை, அது இடது பக்கம் மேல் தட்டையும் மடிப்பும் சேரும் இடத்தில் ஒரு துளை வழியாக வெளியே வந்து இடது பக்கிளில் மாட்டும். துளைக்கு மெஷினில் ஒன்றேகால் இஞ்ச் பட்டன் ஓட்டை போட்டாலே போதும், கான்வாஸின் மேல் விழ வேண்டும் அவ்வளவுதான். தோல் பட்டை கிடைக்கவில்லையா, டாலர் கடையில் சின்ன நாய்க் கழுத்துப்பட்டை மூன்று வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள், பக்கிளும் துளையும் தயாராக இருக்கும், இழுவைக்கென்றே செய்தது. ஒவ்வொரு பட்டையையும் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். வெல்க்ரோவை மட்டும் நம்பாதீர்கள், மூச்சைப் பிடித்து வயிறு உப்பும் நொடியில் சர்ரென்று பிரிந்துவிடும்.

வெள்ளி: போட்டுப் பார்ப்பதும் இஸ்திரியும்

முதலில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், கொல்லையில். நன்றாகக் குந்தி எழட்டும், காலை அகட்டிச் சுற்றட்டும், வெறுங்கையால் சுத்தியல் சுழற்றுகிற மாதிரி சுழற்றட்டும், நாலு குதி குதிக்கட்டும். அடிக் கச்சா இருப்பதால் மடிப்பு முழுசாக விரியாது, அது பரவாயில்லை, பார்க்க வேண்டியது பக்கிள் நழுவுகிறதா, தட்டை பிடிக்கிறதா, சீட் கோட்டுத் தையல் முனகுகிறதா என்பது. எங்கள் முதல் கில்டில் இடது பக்கிள் ஒரு இஞ்ச் தள்ளி இருந்தது இப்போதுதான் தெரிந்தது, பத்து நிமிடத்தில் பிரித்துத் தைத்தோம். சனிக்கிழமை காலையில் தெரிந்திருந்தால் அழுதிருப்போம்.

அப்புறம் இஸ்திரி. துணியின் துண்டு ஒன்றில் சூட்டைச் சோதித்துவிட்டு, ஈரத் துணி மேலே போட்டு, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். ஒவ்வொரு பகுதியும் முழுசாக ஆறும்வரை அசைக்காதீர்கள், மடிப்பு நிற்பது ஆறும்போதுதான். முடிந்தபின் அடிக் கச்சாவைப் பிரியுங்கள்.

களத்துக்குக் கொண்டுபோக ஒரு பையில் பெரிய ஊக்கு நாலு, கருப்பு நூல் கோத்த தடித்த ஊசி, கத்தரிக்கோல் வைத்துவிடுங்கள். உள்ளே இறுக்கமான ஷார்ட்ஸ் கட்டாயம், முழங்கால் வரை காலுறையும் பல இடங்களில் கேட்பார்கள். முன்னால் தொங்கும் ஸ்போரன் பையும் கில்ட் ஊசியும் எறியும்போது வேண்டாம். படம் எடுக்க ஊசி குத்தினாலும் மேல் தட்டையில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் எட்டிலேயே துணி கிழியும். எடுத்துப் போகக் கில்டை மடிக்காதீர்கள், மடிப்பு ஓடும் வாக்கில் சுருட்டி ஒரு பழைய நீளக் காலுறைக்குள் நுழைத்தால் கசங்காமல் போய்ச் சேரும். வீட்டுக்கு வந்ததும் பிசின் கறை இருந்தால் துவைக்கும் முன் ரப்பிங் ஆல்கஹாலை ஒரு பஞ்சில் தொட்டு, முதலில் உள் ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். சீட் கோட்டில் பதினாறு தையலையும் விரலால் தடவிப் பாருங்கள், விட்ட இடத்தை அடுத்த போட்டிக்கு முந்தின ராத்திரி வரை தள்ளிப்போடாமல் அன்றைக்கே தைத்துவிடுங்கள்.